வாசகர் கேள்வி – பதில்: கொண்டி கழன்று கிடக்கிறது, உள்ளே சத்தம் கேட்கிறது

களவு பற்றி இலங்கை மலையகத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. காலைப் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டத்துக்கு)ப் போனால் லயமே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளே, வெறுமையாகிவிடும். எப்போது போவோம், எப்போது திரும்புவோம் என்பது ஊருக்கே தெரியும். மழை பிடித்தோ காய்ச்சல் வந்தோ நேரத்தோடு திரும்பும் ஒரு நாளில்தான் கள்ளனோடு முட்டிக்கொள்ள நேர்கிறது. அப்படிப்பட்ட கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்திருக்கிறோம்.

கேள்வி: கொழுந்து நிறுத்துவிட்டு மற்றவர்களுக்கு முன்னால் வீட்டுக்கு வருகிறேன். பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது, ஆனால் கொண்டி (பூட்டு மாட்டும் இரும்புப் பட்டை) கதவு நிலையிலிருந்து பிடுங்கப்பட்டிருக்கிறது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. உள்ளே போவதா, கத்துவதா, ஓடுவதா? – வாசகி, டிக்கோயா

உள்ளே போகக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாசலிலும் நிற்கக் கூடாது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முதுகோடு முதுகு ஒட்டிய பழைய லயங்களில் ஒரு காம்பராவுக்கு (ஒரு குடும்பத்தின் அறைக்கு) முன்கதவு ஒன்றுதான் வழி. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்றால் உள்ளே இருப்பவனுக்கு இருக்கும் ஒரே வழியை நீங்கள் மறிக்கிறீர்கள். காஸ் சிலிண்டரைத் தூக்க வந்தவன், மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்த நொடியில் வேறு ஆளாகிவிடுவான். உங்கள் கவ்வாத்துக் கத்தியும் (தேயிலைச் செடி வெட்டும் கத்தி) அலவாங்கும் (கடப்பாரை) கதவுக்குப் பின்னால்தானே சாத்தி வைத்திருக்கிறது? அவை இப்போது அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பின்கதவு உள்ள வீட்டிலும் இதுதான் கதை. எந்தக் கதவால் வருவான் என்று உங்களுக்குத் தெரியாது.

வந்த வழியே திரும்பி நடங்கள். ஓடினால் சப்பாத்துச் சத்தம் கேட்கும். ஈரக் கானில் வழுக்கி விழவும் கூடும். போகும்போதே போனைச் சத்தமில்லாமல் ஆக்குங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமென்றால் அவர்களை வழியிலேயே நிறுத்துவதுதான் முதல் வேலை, பொலிஸுக்குச் சொல்வது அதற்குப் பிறகு. ஆள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். அடுத்த லயமோ, பிள்ளை மடுவமோ (குழந்தைக் காப்பகம்), கடையோ, கோயிலோ எதுவானாலும் சரி. தேயிலைச் செடிக்குள் தனியாகப் பதுங்கி இருந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். குறுக்குப் பாதையிலும் நிற்காதீர்கள். ஓடுபவன் ரோட்டுக்கு இறங்க அந்தப் பாதையைத்தான் பிடிப்பான். வாசல் தெரிகிற மேட்டுப் பக்கம், முப்பது நாற்பது மீற்றராவது தள்ளி நிற்பது நல்லது.

பொலிஸ் அவசர இலக்கம் 119. எடுப்பவர் உங்கள் ஊர்க்காரர் அல்ல என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள். “மேட்டு லயம்”, “பழைய தோட்டம்” என்று நாம் சொல்லும் பெயர்கள் அவருக்கு விளங்காது. தோட்டத்தின் பதிவுப் பெயர், டிவிஷன், லய இலக்கம், எந்த நகரத்திலிருந்து எந்த ரோட்டில், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், எந்தப் பொலிஸ் பிரிவு என்ற வரிசையில் சொல்லுங்கள். இதை இன்றே ஒரு துண்டில் எழுதிப் போன் உறைக்குள் வைத்துவிட்டால் பதற்றத்தில் தடுமாற வேண்டியதில்லை. அந்தத் துண்டிலேயே பக்கத்துப் பொலிஸ் நிலையத்தின் நேரடி இலக்கத்தையும் எழுதுங்கள். இடத்தைச் சொன்ன பிறகு “இன்னும் உள்ளேதான் இருக்கிறான்” என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். “களவு போய்விட்டது” என்றால் ஆறுதலாக வரலாம், “உள்ளே இருக்கிறான்” என்றால் அது வேறு அவசரம். தமிழில் பேச ஆள் கிடைக்காவிட்டால் இந்த இரண்டு சிங்கள வசனம் போதும்: “அபே கெதரட்ட ஹொரெக் பெனலா. தாம எதுளே இன்னவா.” எங்கள் வீட்டுக்குள் கள்ளன் புகுந்துவிட்டான், இன்னும் உள்ளே இருக்கிறான் என்று பொருள். பள்ளத்து லயங்களில் சிக்னல் கிடைக்காத மூலைகள் உண்டு. எந்த மேட்டில், எந்தத் திருப்பத்தில் சிக்னல் எட்டும் என்பதை வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

கத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கத்தலாம், ஆனால் தூரத்தில் நின்று, நாலு பேர் சேர்ந்த பிறகு. கோயில் மணி அடிப்பதும் நல்லதுதான். சத்தம் ஒரு பக்கமிருந்து வரட்டும், மறுபக்கம் திறந்தே இருக்கட்டும். சுற்றி வளைத்தால் அவன் யார் மீதாவது பாய்ந்துதான் வெளியே வர வேண்டியிருக்கும்.

அவன் ஓடும்போது முகத்தைப் பார்க்க முயல்வதைவிட மற்றவற்றைப் பார்ப்பது பயன் தரும். வாசலைக் கடக்கும்போது தலை நிலையில் எந்த உயரத்துக்கு வந்தது என்பதைப் பிறகு டேப் பிடித்து அளக்கலாம். காலில் என்ன போட்டிருந்தான், கையில் உரப்பையா முதுகுப்பையா, எந்தப் பக்கம் ஓடினான், ஆட்டோ நின்றதென்றால் கடைசி நான்கு இலக்கம் என்ன. இவற்றை மற்றவர்களோடு பேசுவதற்கு முன்பே போனில் எழுதிவிடுங்கள். நாலு பேர் கூடிப் பேசினால் நீலச் சட்டை பச்சையாகிவிடும்.

ஒரு சின்ன விஷயம். உள்ளே கேட்கும் சத்தமெல்லாம் கள்ளனுடையது அல்ல. கொண்டி அப்படியே இருக்கிறது, கூரையில் ஒரு தகரம் மட்டும் விலகியிருக்கிறது, குசினிப் பக்கம் கலவரம் என்றால் அது குரங்காக இருக்கலாம். கதவைத் திறந்து விட்டுத் தள்ளி நில்லுங்கள். குரங்கையும் மூலையில் மடக்கக் கூடாது.

கேள்வி: கதவைத் திறந்ததும் ஆள் நேருக்கு நேர் நின்றால்? – வாசகர், இராகலை

வாசலை விட்டு ஒரு பக்கம் ஒதுங்குங்கள். இரண்டு கையும் அவனுக்குத் தெரியட்டும். “போ” என்ற ஒரு சொல் போதும். பையைப் பிடித்து இழுக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அவனை அடையாளம் தெரிந்தாலும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதீர்கள். “நீ இன்னாருடைய மகன்தானே” என்று கேட்டவுடன், ஓடிவிட்டால் தப்பலாம் என்றிருந்தவனுக்கு உங்கள் வாயை அடைக்க வேண்டிய தேவை வந்துவிடுகிறது. பெயரைப் பொலிஸில் சொல்லலாம். அடிபட்டிருந்தால் 1990 அம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள், அது இலவசம்.

கேள்வி: எங்கள் தோட்டத்து இளைஞர்கள் கள்ளனைப் பிடித்துக் கம்பத்தில் கட்டி அடித்தார்கள். இப்போது அவர்கள் மீதே வழக்கு வரும் என்கிறார்கள். வீட்டுக்குள் வந்தவனை அடிக்க உரிமை இல்லையா? – வாசகர், கொட்டகலை

பிடிக்க உரிமை உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு, தன் கண்முன்னே பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்தைச் செய்பவனைப் பொதுமகன் ஒருவர் கைது செய்யலாம் என்கிறது. அப்படிக் குற்றம் செய்தான் என்று நியாயமாகச் சந்தேகிக்கப்படுபவன் ஓடினாலும் பிடிக்கலாம். ஆனால் தேவையற்ற தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. விசாரித்து, அடித்து, ஒப்புக்கொள்ள வைத்து, தோட்டத் தலைவர் வரும்வரை கட்டி வைத்திருப்பது அந்தத் தாமதத்துக்குள் வந்துவிடும்.

தற்காப்பு உரிமை தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கிறது. உடம்பைக் காக்கவும் சொத்தைக் காக்கவும் அது உண்டு, இரவில் வீடுடைத்து வருபவனுக்கு எதிராக இன்னும் விரிவாகவே உண்டு. இரவு என்றால் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை. ஆனால் ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. பொலிஸாரின் உதவியை நாட நேரமிருந்தால் அந்த உரிமையே எழாது. கத்தியோடு வருபவனைக் கம்பால் அடித்து விழுத்துவது தற்காப்பு. விழுந்தவனைக் கட்டிய பிறகு விழும் ஒவ்வொரு அடிக்கும் அடித்தவர்தான் பொறுப்பு. அவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் களவு வழக்கு ஒரு பக்கம், காயப்படுத்திய வழக்கு மறுபக்கம் என்று இரண்டும் நடக்கும். அடித்து வாங்கிய ஒப்புதல் நீதிமன்றத்தில் உங்களுக்கு ஒரு சதத்துக்கும் உதவாது.

பிடிபட்டால் நிலத்தில் உட்கார வையுங்கள். இருவர் காவல் இருக்கட்டும், ஒருவர் போன் எடுக்கட்டும். அவன் பையை நீங்கள் கொட்டிப் பார்க்க வேண்டாம், ஆளோடு சேர்த்துப் பொருளையும் பொலிஸ் எடுப்பதுதான் சாட்சி. முகத்தைப் படம்பிடித்துப் பேஸ்புக்கில் போடவும் வேண்டாம். ஆள் மாறியிருந்தால் சிக்குவது படம் போட்டவர்தான்.

கேள்வி: கூரைத் தகரத்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் கரண்ட் கொடுத்து வைக்கலாமா? – வாசகர், மஸ்கெலியா

கூடாது. லயத்துத் தகரம் உங்கள் காம்பராவோடு முடிவதில்லை, ஒன்றன் மேல் ஒன்று ஏறி அடுத்த வீடு வரை போகிறது. மழையில் நனைந்த தகரமும் ஈரச் சுவரும் சேர்ந்தால் முதலில் தொடுவது பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். யாராவது செத்தால் அது கொலைக் குற்றச்சாட்டு வரை போகும்.

கேள்வி: பொலிஸ் வருவதற்குள் வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டோம். ரேகை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எதைத் தொடக் கூடாது? முறைப்பாட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? – வாசகி, பண்டாரவளை

கைரேகை நன்றாகப் பதிவது வழுவழுப்பான, காய்ந்த பரப்புகளில். ஜன்னல் கண்ணாடி, அலுமாரிக் கண்ணாடி, பிஸ்கட் டின், எவர்சில்வர் குடம், பிளாஸ்டிக் பெட்டி மூடி போன்றவை. கரடுமுரடான பலகைக் கதவில் கிடைப்பது அரிது. ஆகவே அலுமாரிப் பக்கமே போகாதீர்கள். மண் தரையிலோ வாசல் சேற்றிலோ கால் தடம் இருந்தால் ஒரு பேசினைக் கவிழ்த்து மூடுங்கள், மழை வந்தால் ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும். கழன்ற கொண்டி, வளைந்த ஆணி, அவன் விட்டுப்போன குறடு எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். அடுப்பு எரிகிறதா, காஸ் கசிகிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். மோப்ப நாய் வருமென்றால் ஊரே வீட்டுக்குள் ஏறி இறங்கிய பிறகு அதற்கு வேலை இல்லை. இழவு வீடு மாதிரி எல்லாரும் வந்து பார்த்து ஆறுதல் சொல்வது நம் வழக்கம், அதை அன்றைக்கு மட்டும் இஸ்தோப்போடு நிறுத்துங்கள்.

முறைப்பாடு பற்றி. மேலே சொன்ன அதே சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, நீங்கள் வாயால் சொல்வதை நீங்கள் சொல்லும் மொழியிலேயே எழுதி உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த அதிகாரியால் தமிழில் எழுத முடியாவிட்டால், எழுத்தில் தருமாறு உங்களைக் கேட்க வேண்டும். உங்களாலும் எழுத முடியாது என்றால்தான், காரணத்தைக் குறித்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். ஆகவே வீட்டிலிருந்தே ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போவதுதான் புத்தி. விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தத் தாளில் வீட்டைப் பூட்டிய நேரம், திரும்பிய நேரம், எந்த வழியாக உடைத்தான், யார் கண்டார்கள், என்ன போனது என்பன இருக்கட்டும். “கொஞ்சம் நகை” என்று எழுதினால் பொருள் கிடைத்தாலும் உங்களுடையது என்று காட்ட முடியாது. இரண்டு பவுண் சங்கிலி, 22 கரட், கொக்கிக்குப் பக்கத்தில் அறுந்து தட்டானிடம் ஒட்டிய இடம் தெரியும் என்று எழுதுங்கள். ஒட்டிய இடம், நசுங்கிய பூ, விழுந்த கல் போன்ற குறைகள்தான் நகையின் அடையாளம். போன் என்றால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வேண்டும். அது வாங்கிய பெட்டியில் இருக்கும். போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்தி எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. டிவி, மோட்டார் போன்றவற்றுக்குப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கம்.

பதிவானதும் முறைப்பாடு பதிந்த புத்தகத்தின் பெயர், பக்க இலக்கம், பந்தி இலக்கம் மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வீடுடைத்துக் களவு என்று பதிந்திருக்கிறதா, பொருள் காணாமல் போனது என்று பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. அடையாள அட்டை போயிருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். இணைப்பிரதிக்கு விண்ணப்பிக்க முறைப்பாட்டின் பிரதி தேவைப்படும். விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தரிடமோ, தோட்டத்தில் இருப்பவர்கள் தோட்ட ஆபீஸிலோ அத்தாட்சிப்படுத்தலாம்.

கேள்வி: கடையில் இருந்ததிலேயே பெரிய ஆமைப்பூட்டை வாங்கிப் போட்டேன். பூட்டுக்கு ஒரு கீறலும் இல்லை, ஆனால் வீடு உடைபட்டது. எப்படி? – வாசகர், பொகவந்தலாவை

பூட்டை யாரும் உடைப்பதில்லை, அது மாட்டியிருக்கும் கொண்டியைத்தான் கழற்றுகிறார்கள். உங்கள் கொண்டியைப் பாருங்கள். முக்கால் அங்குல ஸ்க்ரூ நாலு, ஓர் அங்குலப் பலகையில், மழையில் நனைந்து நனைந்து தும்பாகிப்போன ஓட்டையில். தலைகள் வெளியே தெரிந்தால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். தெரியாவிட்டால் அலவாங்கு நுனியைக் கொண்டிக்கு அடியில் விட்டு ஓர் அழுத்து.

ஸ்க்ரூவை எடுத்துவிட்டுப் பொல்ட் போடுங்கள். தலை உருண்டையாகவும் கழுத்து சதுரமாகவும் இருக்கும் பொல்ட்டை ஹார்ட்வெயார் கடையில் கேட்டு வாங்குங்கள், 8 மில்லிமீற்றர் தடிப்பு, ஓர் அங்குலக் கதவுக்கு இரண்டு அங்குல நீளம். சதுரக் கழுத்து கொண்டியின் ஓட்டையில் இறுகிவிட்டால் வெளியிலிருந்து திருப்ப முடியாது. வட்ட ஓட்டை என்றால் அரத்தால் சதுரமாக்குங்கள். இல்லாவிட்டால் நட்டை முறுக்கும்போது பொல்ட்டும் கூடவே சுற்றும். உள்பக்கம் சின்ன வாஷர் மட்டும் போட்டால் பழைய பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். 3 மில்லிமீற்றர் தடிப்பு இரும்புத் தகடு ஒன்றை, இரண்டு அங்குல அகலம் ஆறு அங்குல நீளத்தில் வெட்டி, எல்லாப் பொல்ட்டும் அதற்குள்ளால் வருமாறு வைத்து முறுக்குங்கள். முறுக்கிய பிறகு பொல்ட் முனையைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி நசுக்கிவிட்டால் நட் கழலாது.

இவ்வளவும் செய்த பிறகு பூட்டின் உயரத்தில் கையை வைத்துத் தள்ளிப் பாருங்கள். நிலையே ஆடுகிறதா? பழைய லயச் சுவர் கருங்கல்லும் மண் சாந்தும் என்றால் பெரும்பாலும் ஆடும். அந்தச் சுவரில் விரியும் பொல்ட் பிடிக்காது, மண்ணுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். நிலைக்கு இரு பக்கமும் மூன்று மூன்று இடத்தில், ஆறு அங்குல ஆழத்துக்குக் கல்லை எடுத்து, முனை பிளந்த இரும்புக் கவ்வை வைத்து, ஒரு பங்கு சீமெந்து இரண்டு பங்கு மணல் நான்கு பங்கு சல்லி என்ற கலவையால் அடைக்க வேண்டும். ஒரு வாரம் ஈரமாக வைத்திருங்கள். மலைக்குளிரில் சீமெந்து மெதுவாகத்தான் இறுகும், அதற்குள் கதவை அடித்துச் சாத்தினால் எல்லாம் வீண்.

ஆமைப்பூட்டின் வளையம் கொண்டி ஓட்டையை நிறைக்க வேண்டும். இடைவெளி இருந்தால் அதற்குள் கம்பியை விட்டு நெம்பலாம். பெரிய பூட்டை விடப் பொருத்தமான பூட்டுதான் வேண்டும். பனியில் பூட்டு இறுகினால் பலரும் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள், அது தப்பு. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், நமது இரவுகளில் பூட்டுக்குள் மெழுகாகிவிடும். அதில் தூசி ஒட்டி உள்ளிருக்கும் ஊசிகள் அசையாமல் போகும். பென்சில் கரித்தூளைச் சாவியில் தடவி நாலைந்து முறை திருப்பினாலே போதும்.

வெளிப்பக்கம் திறக்கும் பின்கதவு என்றால் பிணைச்சல் (கீல்) வெளியே இருக்கும். ஊசியைத் தட்டி எடுத்துக் கதவையே கழற்றலாம். பிணைச்சல் பக்கக் கதவு விளிம்பில் மேலே ஒன்று கீழே ஒன்றாக மூன்றங்குல ஸ்க்ரூ இரண்டு ஏற்றி, அரை அங்குலம் வெளியே விட்டுத் தலையை அறுத்துவிடுங்கள். நேரே நிலையில் ஓட்டை போடுங்கள். கதவு சாத்தும்போது முளை உள்ளே போகும், ஊசி போனாலும் கதவு வராது. மழைக்காலத்தில் பலகை ஊதித் தாழ்ப்பாள் கால்வாசிதான் ஓட்டைக்குள் போகும். பூட்டியாயிற்று என்று நினைத்துப் போய்விடுவோம். ஓட்டையைக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அராவி விடுங்கள்.

சில லயங்களில் இடைச்சுவர் கூரை வரை போவதில்லை. பக்கத்துக் காம்பரா ஆளில்லாமல் கிடந்தால் கதவு எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை. அந்த இடைவெளிக்கு இரண்டு அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலையைக் கூரை வளையில் (குறுக்கு மரத்தில்) அடித்து மூடுங்கள்.

கேள்வி: நகை அடகில்தான் இருக்கிறது, வீட்டில் இல்லை. அடகுச் சீட்டுத்தான் களவு போனது. பயப்பட ஏதாவது உண்டா? – வாசகி, தலவாக்கலை

உண்டு. சீட்டோடு அடையாள அட்டையும் சேர்ந்தே போயிருந்தால் இன்னும் அவசரம். முறைப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதற்கு முன்பே அடகு வைத்த இடத்துக்குப் போன் எடுத்து, இந்தச் சீட்டுக்கு யார் வந்தாலும் பொருளைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். யாரிடம் சொன்னீர்கள், எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே நேரில் போய் எழுத்திலும் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். முறைப்பாட்டில் சீட்டு இலக்கம், திகதி, தொகை, நிறை நான்கும் வர வேண்டும். சீட்டு இலக்கம் ஞாபகமில்லை என்றால் அடகு வைத்த இடத்துப் பதிவில் இருக்கும், கேட்டு வாங்கலாம். இனி அடகு வைக்கும் நாளிலேயே சீட்டைப் போனில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள். மூலச்சீட்டை அலுமாரியில் சேலை மடிப்புக்குள் வைக்க வேண்டாம். எந்தக் கள்ளனும் முதலில் உதறுவது அந்தச் சேலைகளைத்தான்.